முப்பத்தைந்தில் ஒரு பங்கு யுத்தம்

புதுக் கார் வாங்கியவருக்கு அதில் ஒரு கீறல் விழுந்தால் தூக்கம் போய்விடும். பிளாஸ்டிக் கிட் வாங்கி மாடல் டாங்கி செய்பவருக்கோ, கீறல் விழாவிட்டால்தான் தூக்கம் போகும். ராத்திரி நேரத்தில் மேஜை விளக்கின் கீழே குனிந்து, உப்புத்தாள் தேய்த்து, இடைவெளிகளில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷில் வண்ணம் பூசி, தூசி தும்பு இல்லாமல் வண்டியை முடிக்கிறார். பார்த்தவர்கள் பிரமாதம் என்கிறார்கள். அவர், "இனிமேல்தானே வேலையே இருக்கிறது" என்று சொல்லிச் சேற்று சீசாவைத் திறக்கிறார்.

ஆமாம், சேறு கடையில் கிடைக்கிறது. சேறு, தூசி, துரு, புகைக்கரி, எஞ்சின் எண்ணெய்க் கறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசா. ஈரச் சேறு வேறு, காய்ந்த சேறு வேறு. இவற்றைத் தயாரிப்பதில் ஸ்பெயின் நாட்டு நிறுவனங்கள் பேர் பெற்றவை. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் சேறாகக் கிடக்கும்போது, ஸ்பெயினிலிருந்து சேறு தருவிக்கும் மனிதரைச் சுங்க அதிகாரிகள் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பது தனி ஆராய்ச்சி.

பெயின்ட் உரிவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். அதன் மேல் தலைமுடிக்குப் போடும் ஹேர்ஸ்பிரே. அதற்கு மேல் ராணுவப் பச்சையோ மஞ்சளோ. காய்ந்ததும் ஈர பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால், உள்ளேயிருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து, மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து துரு தெரியும். வழுக்கைத் தலையர் ஒருவர் மாதம் தவறாமல் ஹேர்ஸ்பிரே வாங்கினால் கடைக்காரர் தப்பாக நினைக்கக் கூடாது. அவர் வீட்டில் ஒரு பான்சர் டாங்கி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு முடித்த பிறகு ஒருவர் வருவார். இந்த உலகத்தில் அவருக்கு 'ரிவெட் எண்ணுகிறவர்' என்று பெயர். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "போர்முனைக்குப் போன பல டாங்கிகள் சில மாதம்கூடத் தாங்கவில்லை. இவ்வளவு துருப்பிடிக்க அதற்கு எங்கே நேரம் இருந்தது?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை.

இத்தனை துல்லியம் பேசும் இந்தக் கலையின் பூர்வீகம் அத்தனை துல்லியமானதல்ல. ஹங்கேரியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த நிக்கோலஸ் கோவ் 1939-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அது விற்றது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். பிறகு சீப்பு. 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காக விளம்பர மாடல் ஒன்றைச் செய்தது. தயாரிப்புச் செலவைக் குறைத்து விற்பனையைக் கூட்ட வழி தேடியபோது, அதையே பாகம் பாகமாகக் கடையில் விற்கலாம் என்ற யோசனை வந்தது. ஒட்டுகிற வேலை வாங்குகிறவர் தலையில் விழுந்தது. கூலி கேட்காமல், காசும் கொடுத்து, உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் இன்றும் அந்த வேலையைச் செய்து வருகிறார்கள்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தாமியா நிறுவனம் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது. மர பொம்மைக்கு மாறி, 1960-இல் பிளாஸ்டிக்கில் யமாட்டோ போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. மறு வருஷம் ஜெர்மானிய பாந்தர் டாங்கி. அதற்குள் மோட்டாரும் இரண்டு பாட்டரியும் வைத்து ஓடவிட வேண்டும் என்பது திட்டம். பாட்டரி நுழைகிற அளவுக்கு டாங்கியின் வயிற்றைச் செய்தார்கள். டாங்கி அமோகமாக விற்றது. இதே அளவில் மற்ற டாங்கிகளையும் செய்யலாமே என்று அளந்து பார்த்தபோது, அது அசலில் சுமார் 35-இல் ஒரு பங்காக இருந்தது. இன்று டாங்கி மாடல் உலகம் முழுவதும் கும்பிடும் 1/35 என்ற அளவு இப்படிப் பிறந்ததுதான். ஒரு கைப்பிடி அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, அதாவது நிஜத்தில் 17.5 மில்லிமீட்டர் பிசகு என்று சண்டை போடுகிற இருவரும், பாட்டரி போட்ட அளவுகோலை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

வண்ணத்தில் சண்டை இன்னும் உக்கிரம். ஜெர்மானிய ராணுவம் 1943 பிப்ரவரியில் டாங்கிகளுக்கு அடர் மஞ்சளை அடிப்படை நிறமாக்கியது. அதன் மேல் தீட்டப் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் போகும். டாங்கி வீரர்களே தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கூடினால் ஒரு நிறம், தண்ணீர் கூடினால் வேறு நிறம். குண்டு விழுகிற இடத்தில் அவசரமாகத் துடைப்பத்தால் அடித்ததுபோல அடித்த அந்த நிறத்துக்கு, எண்பது வருஷம் கழித்து ஒருவர் சொட்டு சொட்டாகக் கலந்து சூத்திரம் எழுதுகிறார். போதாக்குறைக்கு, அசல் நிறத்தையே அப்படியே சின்ன மாடலில் பூசினால் கண்ணுக்குக் கறுத்துத் தெரியும் என்று சொல்லி, கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வைக்கிறார்கள். சரியாகத் தெரிவதற்காகத் தவறாகக் கலப்பது என்று இதற்குப் பொருள்.

யாரும் நம்பாத நிறமும் சில சமயம் சரியாக இருந்துவிடும். 1940-இல் ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, அந்தி வெளிச்சத்தில் வெளிர் ஊதா பூசிய பயணிகள் கப்பல் ஒன்று கண்ணை விட்டு மறைவதைப் பார்த்து, தன் நாசகாரிக் கப்பல்களுக்கு ரோஜா கலந்த சாம்பல் நிறம் அடித்தார். அவர்தான் பின்னால் டெல்லிக்கு வைஸ்ராயாக வந்து ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்த மவுன்ட்பேட்டன். அந்த நிறத்துக்கு 'மவுன்ட்பேட்டன் பிங்க்' என்றே பெயர். அதைப் பூசிய மாடலைப் பார்த்து, "குழந்தைக்கா செய்தீர்கள்?" என்று கேட்காத விருந்தாளியே கிடையாது.

கப்பல்காரர்களின் உலகம் இன்னும் சிறியது. 1971-இல் ஷிசுவோகாவின் தாமியா, ஹசேகவா, அயோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் போட்டியை மறந்து, ஜப்பானியப் போர்க்கப்பல்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு 1/700 அளவில் 'வாட்டர்லைன்' வரிசையைத் தொடங்கின. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல் கிடையாது, மேஜைதான் கடல். 263 மீட்டர் யமாட்டோ இதில் சுமார் 37.5 சென்டிமீட்டர். மாலுமியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நிஜக் கப்பலின் இரண்டு சென்டிமீட்டர் கைப்பிடிக் கம்பி இங்கே 0.03 மில்லிமீட்டர், தலைமுடியே இதைவிடத் தடிமன். பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்த கைப்பிடி வரிசையைச் சாமணத்தால் பிடித்து, மூச்சைப் பிடித்து, ஒட்டப் போகிற நொடியில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். பாகம் போய்விட்டது. அதற்குப் பிறகு மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடுகிற நேரம், கப்பல் கட்டுகிற நேரத்தைவிட அதிகம். கொடிக்கயிறு வேண்டுமானால், பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுப்பார்கள், நூலாக நீளும். பொறுமை இழந்து இழுத்தால் அறுந்து விரலில் ஒட்டும்.

விளையாட்டுச் சாமான்தானே என்று அரசாங்கங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1961-இல் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம், அணு நீர்மூழ்கிக் கப்பலான ஜார்ஜ் வாஷிங்டனை உள்ளறைகள் தெரியும்படி கிட்டாக வெளியிட்டது. ஏவுகணைக் குழாய்கள் முதல் கட்டுப்பாட்டு அறை வரை எல்லாம் உண்டு. அணு நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப் போனார். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள ரகசியத்தை 2.98 டாலருக்கு ரஷ்யாவிடம் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். பசை மட்டும் தனியாக வாங்க வேண்டும் என்பதில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

முதல் உலகப் போரில், மாடல் கப்பலுக்கு வண்ணம் தீட்டும் இதே வேலை அரசாங்க உத்தியோகமாகவே இருந்தது. 1917-இல் ஓவியர் நார்மன் வில்கின்சனின் யோசனைப்படி, லண்டன் ராயல் அகாடமியில் சின்னஞ்சிறு மரக் கப்பல்களுக்குக் கோணல்மாணலான பட்டைகளைத் தீட்டி, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து, கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று கண் குழம்புகிறதா என்று சோதித்தார்கள். குழம்பினால் வேலை பாஸ்.

சென்னைக்காரர்கள் கட்ட வேண்டிய கப்பல் ஒன்று உண்டென்றால் அது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்தான். ரெவெல் அதை 1/350 அளவில் வெளியிட்டிருக்கிறது. நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்ததும் முதல் சந்தேகம், புகைபோக்கி எத்தனை என்பது. கட்டும்போது மூன்று. ஆனால் கேப்டன் முல்லரின் ஆட்கள், பிரிட்டிஷ் கப்பலாகத் தோன்றுவதற்காக, மரமும் கித்தானும் கொண்டு நான்காவதாக ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தினார்கள். அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அந்த வேஷம் பலித்தது. ஆகவே அந்தக் கப்பலை முறையாகச் செய்ய விரும்புகிறவர் மூன்று புகைபோக்கியை நேராகவும், நான்காவதை அவசரத்தில் கட்டியதுபோலச் சற்றுத் தொளதொளவென்றும் செய்ய வேண்டும். போட்டியில் நடுவர் டார்ச் அடித்துப் பார்த்து, நாலாவது கோணல் என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், அப்பீலுக்கு கேப்டன் முல்லரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.