சட்னி வாசனையோடு ஒரு புது மிக்ஸி

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 'புத்தம் புது' மிக்ஸி. ஜாரைத் திறந்தால் பிளேடுக்கு அடியில் காய்ந்த மிளகாய் விதை!

பதில்: யாரோ சட்னி அரைத்துப் பார்த்து, பிடிக்காமல் பிறந்தகத்துக்கு அனுப்பியது, இப்போது உங்களிடம் மறுவீடு வந்திருக்கிறது. மிக்ஸியையாவது கழுவிக்கொள்ளலாம். செல்போன் என்றால், முதல் ஆள் ஆன் செய்த நாளிலிருந்தே வாரண்டி ஓடத் தொடங்கியிருக்கலாம். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

பழசைப் பழசென்று சொல்லி, விலை குறைத்து விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? (நானே வாங்குவேன்.) புதுசு என்று விற்பதுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விதையை உடனே கழுவிவிடாதீர்கள். அதைப் போட்டோ எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள்.