செட்டைப் பிரித்தால் குற்றமா?

ருவைஸ், பிரித்தெடுப்பதை வைத்தே பிழைக்கிற ஊர். அபுதாபி நகரத்திலிருந்து சவூதி எல்லையை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 240 கிலோமீட்டர் போனால் வருகிறது. 1980களின் தொடக்கத்தில் இங்கே ஓடத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் திறன் இன்றைக்கு நாளொன்றுக்கு 8 லட்சம் பீப்பாய்களுக்கும் மேல். கச்சா எண்ணெயை யாரும் அப்படியே கொண்டுபோய் வண்டியில் ஊற்றுவதில்லை. சூடாக்கி, கோபுரத்தில் ஏற்றி, நாப்தா தனி, மண்ணெண்ணெய் தனி, டீசல் தனி என்று பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு விலை. ஹவுசிங் காம்ப்ளெக்ஸில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பாலபாடம். அதே வீடுகளில் கப்போர்டைத் திறந்து பாருங்கள். சுடிதார் செட்டுகள், கடைக்காரர் மடித்துக் கொடுத்த அதே கூட்டணியில், டாப், பேண்ட், ஷால் என்று மும்மூன்றாகக் கட்டுக்கோப்போடு அடுக்கியிருக்கும். இந்த டாப்புக்கு அந்த பேண்ட் என்பது என்னவோ அரசிதழில் வெளியான ஆணை மாதிரி. கதவைச் சாத்தவே முடியாத அளவுக்குத் துணி இருந்தும், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குக் கிளம்பும்போது "போட்டுக்க ஒண்ணுமே இல்லை" என்ற குரல் வருவது இதனால்தான். துணிக்குப் பஞ்சமில்லை, பிரிக்க மனசு வராததுதான் பஞ்சம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று செட் வைத்திருப்பவர் செட்டாகவே போட்டால் அவருக்கு மூன்றே உடை. பிரித்துப் போட்டால் மூன்று டாப், மூன்று பேண்ட், மூன்று ஷால்: மூன்றை மூன்றால் இரண்டு தடவை பெருக்கினால் 27. ஐந்து செட் என்றால் 125. இந்த இடத்தில் கணக்கு டீச்சர்கள்கூட எதிர்ப்புத் தெரிவிப்பார்கள்: பூப்போட்ட டாப்புக்கு மேல் கட்டம் போட்ட ஷாலைப் போட்டு, கீழே பாந்தனி பேண்ட்டும் மாட்டிக்கொண்டு வெளியே போனால் ஊர் என்ன சொல்லும்? நியாயமான கேள்வி. 27 என்பது காகிதத்தில் இருக்கிற லாபம், கைக்கு வருகிற லாபம் அதைவிடக் குறைவு. ஆனால் வாங்கும்போதே ஒரு சின்னக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் நஷ்டம் குறையும். மூன்றில் ஒன்று மட்டும் சத்தம் போடலாம், மற்ற இரண்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது டாப்பில் பிரின்ட் என்றால் பேண்ட்டும் ஷாலும் பிளெயின். ஷாலில் வேலைப்பாடு என்றால் மற்ற இரண்டும் பிளெயின். பேண்ட்டுகள் கறுப்பு, சந்தனம், நேவி ப்ளூ என்று எதோடும் சண்டைக்குப் போகாத நிறங்களாக இருக்கட்டும். இப்படி வடிகட்டினாலும் பத்துப் பன்னிரண்டு உடை தேறும். மூன்று பன்னிரண்டாவது எந்தச் சீட்டுக் கம்பெனியும் தராத வட்டி.

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் டோனா காரன் 1985இல் 'ஏழு எளிய துண்டுகள்' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஏழே உருப்படி, ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் போட்டு வேலைக்குப் போகிற பெண் வாரத்தை ஓட்டிவிடலாம் என்றதும் உலகம் வாயைப் பிளந்தது. நம் ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்திருக்க வேண்டியதில்லை. பாவாடை தாவணி வேறென்ன? பச்சைப் பாவாடைக்கு மாம்பழ மஞ்சள் தாவணி, அதே மஞ்சள் மறுநாள் அரக்குப் பாவாடைக்கு. நாலு பாவாடையும் நாலு தாவணியும் வைத்துக்கொண்டு கல்லூரியை முடித்த தலைமுறை ஒன்று இருந்தது. காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொண்டால் அங்கே உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதுதான் அழகே. அந்த இரண்டையும் தறியிலேயே பூட்டிச் சேர்ப்பதற்கென்று கோர்வை என்ற நுணுக்கம் இருக்கிறது. நடுவுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு நாடா என்று மூன்று ஓட வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும். கான்ட்ராஸ்டுக்காக இவ்வளவு மெனக்கெட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள், பிங்க் டாப்புக்குப் பிங்க் பேண்ட், பிங்க் ஷால், பிங்க் ஹேர் கிளிப் என்று தலை முதல் கால் வரை பஞ்சுமிட்டாய் நிறத்தில் நிற்கிறோம் என்றால், ரெடிமேடு வியாபாரம் நம்மை நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறது.

அளவு விஷயத்துக்கு வருவோம். செட்டுக்கு எதிரான பலமான சாட்சி அதுதான். செட் ஒன்றுக்கு ஒரே சைஸ். ஆனால் கடவுள் எல்லாரையும் மேலும் கீழும் ஒரே சைஸில் படைக்கவில்லை. மேலே எம், கீழே எக்ஸ்எல் என்பது நாட்டில் பெரும்பான்மைக் கட்சி. அந்தக் கட்சிக்குச் செட்டில் இரண்டே வழி: டாப்பை நாலு இடத்தில் பிடித்துத் தைக்க வேண்டும், அல்லது பேண்ட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தேய்மானமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. முதலில் போவது பேண்ட். தொடைப் பக்கம் உராய்ந்து, முட்டியில் தொளதொளத்து ஒரு வருஷத்தில் ஓய்வு கேட்கும். டாப் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஷாலுக்கு மரணமே கிடையாது. ஆக, செட் செட்டாகவே போடுகிறவர்கள் வீட்டிலும் சில வருஷத்தில் பேண்ட் இல்லாத டாப்பும் டாப் இல்லாத ஷாலும்தான் மிஞ்சுகின்றன. அவர்களும் பிரித்தவர்கள்தான், விருப்பமில்லாமல். இந்த ஊரில் பிரிக்கவே முடியாத உடை உண்மையில் ஒன்றுதான்: ஆலைக்குப் போகிறவர்கள் மாட்டும் கவர்ஆல். மேலும் கீழும் ஒரே துணி, நடுவில் ஒரே ஜிப்பு. ஆளை நெருப்பிலிருந்து காப்பாற்றுவதற்காக அதை அப்படித் தைத்திருக்கிறார்கள். சுடிதார் செட்டுக்கு அந்தக் காரணமும் இல்லை.

ஆபீசுக்குக் கோட்டும் பேண்ட்டுமாகப் போகிறவர்களுக்கும் இதே நியாயம்தான், இரண்டு திருத்தங்களோடு. ருவைஸில் கோடை என்றால் வெளியே 45 டிகிரியைத் தாண்டும். உள்ளே ஏசி, ஊட்டியில் நவம்பரைப் போல. கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிற ஊர் இல்லை, கையில் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் மாட்டுகிற ஊர். நாற்காலியில் தொங்குகிற கோட்டுக்கு ஒரே ஒரு பேண்ட்தான் ஜோடி என்றால் அது சொகுசு. மினுமினுப்பில்லாத, நெசவு கண்ணுக்குத் தெரிகிற பிளெயின் துணியில் கோட் இருந்தால் அது குர்த்திக்கு மேலும் நிற்கும், ஜீன்ஸுக்கு மேலும் நிற்கும். மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட துணி மட்டும் வேண்டாம். அந்தத் துணியில் தைத்த கோட்டைத் தனியாகப் போட்டால், பேண்ட்டை எங்கேயோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரியே இருக்கும். இன்னொன்று, தையல்காரர்கள் ஆண்களுக்குக் காலங்காலமாகச் சொல்லிவருவது: ஒரு கோட்டுக்கு இரண்டு பேண்ட்டாக ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். இன்றைக்குச் சாயம் போட்ட நேவியும் ஆறு மாதம் கழித்துச் சாயம் போட்ட நேவியும் கடை வெளிச்சத்தில் சகோதரிகள், வெயிலில் பங்காளிகள்.

பிரித்துப் போட்டால் ஒன்று வெளுத்து ஒன்று வெளுக்காமல் போகாதா, பிறகு சேர்த்துப் போட முடியுமா என்பது அடுத்த தடை. போகும்தான். ஒரே நிற செட்டில் இது உண்மையான சிக்கல். பேண்ட்டை மட்டும் போட்டிருந்தாலும் மூன்றையும் ஒன்றாகத் துவைத்துவிடுவதும், பால்கனி வெயிலில் உள்பக்கம் வெளியே திருப்பி உலர்த்துவதும் இதற்கு வைத்தியம். ஜரிகை, கற்கள் என்று விலை கொடுத்து எடுத்த விசேஷச் செட்டைப் பிரிக்க வேண்டாம் என்று நானே சொல்வேன். வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியே வருகிற துணியைப் பிரித்து என்ன மிச்சப்படுத்தப் போகிறோம்? தினப்படி காட்டன் விஷயம் வேறு. எதோடும் சேர்கிற துணிக்கு எதோடும் மீண்டும் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கடைசித் தடை நாலு பேர். "ஏங்க, இது அந்த ரோஸ் கலர் செட்டோட ஷால்தானே?" என்று ருவைஸ் மாலில் காய்கறி தள்ளுவண்டியோடு நிற்கும்போது கேட்டுவிடுவார்கள். சின்ன ஊர், மாலில் பார்த்தவரையே பள்ளி வாசலிலும் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன துணி இருக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மனப்பாடமே பிரிப்பதற்கான வாதம். செட்டாகப் போட்டால் "போன மாதமும் இதேதான்" என்று ஒரே பார்வையில் முடிந்துவிடும். கலைத்துப் போட்டால் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்சம் உழைப்பு தேவைப்படும், பாதிப் பேர் கைவிட்டுவிடுவார்கள். கொஞ்சம் பயப்பட வேண்டியது நம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும்தான். 30 கிலோ பெட்டியில் சாம்பார் பொடிக்கும் வடகத்துக்கும் நடுவே இடம் பிடித்து அனுப்பிய செட் அது. "மூணும் சேர்த்துத்தானடி எடுத்தேன், ஷால் எங்க?" என்று குரல் வரும். நல்லவேளையாக அம்மா பார்ப்பது வீடியோ காலில். அந்தச் சின்னச் சதுரத்தில் அம்மாவுக்குத் தெரிவது முகம், தோள், ஷால் அவ்வளவே. டாப்பும் ஷாலும் அவர் எடுத்துக் கொடுத்தபடி இருந்தால் போதும், பேண்ட் எந்தச் செட்டிலிருந்து வேண்டுமானாலும் வரலாம், குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடாத வரைக்கும்.