நிமிர்ந்த கோடும் படுத்த கோடும்

கேள்வி: நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்கு ‘எக்ஸ் = 4’, படுத்திருக்கும் கோட்டுக்கு ‘ஒய் = 3’. பெயர்கள் இடம் மாறிவிட்டனவோ?

பதில்: மாறவில்லை. சமன்பாடு கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வதில்லை. அதிலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் எது பொது என்பதையே சொல்கிறது. மலேசியாவிலுள்ள மந்தின் ஊரின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரங்கள் சதுரக் கட்டங்களாக நிற்பதாகக் கொள்ளலாம். 4-ஆம் நிரையில் முதல் மரமானாலும் கடைசி மரமானாலும் நிரை எண் 4தான். மரத்தின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நிரை எண்ணை எக்ஸ், மரத்தின் எண்ணை ஒய் என்று கொண்டால், அதுவே எக்ஸ் = 4. நிரைதோறும் 3-ஆவது மரத்தைத் தொட்டபடி குறுக்கே நடந்தால் ஒய் = 3.

கிடைக்கோட்டின் சாய்வு 0. நிலைக்குத்துக் கோட்டில் (4, 1), (4, 7) என்ற புள்ளிகளை எடுத்தால் சாய்வு 6/0. பூச்சியத்தால் வகுக்க வழியில்லை. ஆகவே ‘ஒய் = எம்எக்ஸ் + சி’ என்ற வாசலுக்குள் அது நுழையவே நுழையாது. மாணவர் அதிகம் வழுக்கும் இடம் அச்சுகள்: ஒய் அச்சின் சமன்பாடு எக்ஸ் = 0, எக்ஸ் அச்சினுடையது ஒய் = 0.

நிலப்படத்தில் மந்தினும் இப்படி இரு கோடுகள் வெட்டும் இடந்தான்: கிழக்கே ஏறத்தாழ எக்ஸ் = 101.9 பாகை, வடக்கே ஒய் = 2.8 பாகை.