தொப்பி வாடகைக்குக் கிடைக்கும்

ஜகார்த்தாவின் பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஃபத்தாஹில்லா சதுக்கத்தை அடைந்துவிடுவது நல்லது. தாமதித்தால் நல்ல நிறத்துச் சைக்கிளெல்லாம் போய்விடும். இளஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். சைக்கிளோடு டச்சுச் சீமாட்டிகள் போட்டுக்கொண்ட மாதிரி அகன்ற தொப்பியும் தருவார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு, 1710இல் கட்டி முடித்த நகர மண்டபம் பின்னால் முழுதாக விழும்படி நின்று, பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

நீங்கள் நிற்கிற சதுக்கத்தில்தான் மரண தண்டனைகளை நிறைவேற்றினார்கள். பதற வேண்டாம், அது படத்தில் விழாது. மண்டபத்துக்குள் தீர்ப்பு எழுதிய டச்சுக் கனவான்கள் அதை நிறைவேற்றுவதைப் பார்க்கத் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை, சன்னலே போதும். கட்டடத்தின் அடியில் நிலவறைகள் இருக்கின்றன. குனிந்துதான் நுழைய முடியும். கைதிகளின் காலில் கட்டிய குண்டுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன. குழந்தைகள் அவற்றின்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து வஞ்சகமாகப் பிடித்த ஜாவா இளவரசர் திபநெகோரோவையும் 1830இல் இங்கேதான் அடைத்தார்கள். அவருக்கு மட்டும் மாடி அறை. சிறைக்கும் அந்தஸ்து பார்த்தவர்கள், நாகரிகம் தெரிந்தவர்கள்.

இந்த நாகரிகத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன். 1619இல் ஜயகார்த்தா என்ற ஊரைக் கொளுத்திவிட்டு அந்தச் சாம்பல்மேல் பத்தாவியாவைக் கட்டினார். 1621இல் ஜாதிக்காய் வியாபாரத்தைத் தங்கள் கம்பெனிக்கே வைத்துக்கொள்வதற்காகப் பண்டா தீவுகளுக்குப் படையோடு போனார். அங்கிருந்த சுமார் 15,000 பேரில் மிஞ்சியது ஆயிரம் சொச்சம். சொந்த ஊரான ஹோர்னில் அவருக்குச் சிலை இன்றும் நிற்கிறது. பத்தாவியாவில் இருந்த சிலையை ஜப்பானியர் ஆட்சியில் இறக்கினார்கள், ஊரின் பெயரையும் ஜகார்த்தா என்று மாற்றினார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து, 2022இல் இந்தப் பகுதியைப் பளபளவென்று புதுப்பித்த அன்றைய ஜகார்த்தா ஆளுநர், இனி இதற்குப் பெயர் பத்தாவியா என்று அறிவித்தார். மிதிபட்டவனின் பேரன் மிதித்த செருப்பைத் தேடி எடுத்து மெருகேற்றி வாசலில் வைப்பதைப் போல.

கம்பெனியின் முத்திரையில் 'வி.ஓ.சி.' என்று இருக்கும். தமிழர்கள் பாசத்தோடு கும்பிட்டுவிட வேண்டாம். கப்பல் விட்டதற்காகச் செக்கிழுத்த நம் சிதம்பரனார் வேறு. இது கப்பலில் மனிதர்களை ஏற்றி விற்ற கம்பெனி. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும், பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்ட தமிழர்களையும் பிடித்துக் கட்டியவர்களையும் 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். இறக்கிய துறைகளில் பத்தாவியாவும் ஒன்று. நீங்கள் ரசிக்கிற கால்வாய்க் கரையில் நம் ஊர்ச் சனங்களின் வியர்வையும் இருக்கலாம். அதற்கு வாடகைத் தொப்பி ஏதும் இல்லை.

நிற்க. சீனர்கள் கதைக்கு வருவோம்.

புது ஊருக்கு ஆள் வேண்டும் என்று கூன் சீனர்களை அழைத்தார். வராதவர்களைச் சீனக் கரையோரத்தில் கப்பல் விட்டுப் பிடித்தும் கொண்டுவரச் செய்தார். வந்தவர்கள் கடை வைத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள், கரும்பு ஆலை ஓட்டினார்கள், சீனனாகப் பிறந்ததற்குத் தலைவரியும் கட்டினார்கள். 1730களில் சர்க்கரை வியாபாரம் படுத்தது. ஆலைத் தொழிலாளிகள் வேலையில்லாமல் திரிந்தார்கள். உடனே கம்பெனிக்கு ஞானோதயம்: சீனர்கள் அதிகமாகிவிட்டார்கள்! அனுமதிச் சீட்டு இல்லாதவனைப் பிடி, இலங்கைக்கு ஏற்று என்று 1740இல் உத்தரவு. சீட்டு இருந்தவனையும் பிடித்துக் காசு கறந்தார்கள் அதிகாரிகள். ஏற்றியவர்களை நடுக்கடலில் தள்ளிவிடுகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. ஊருக்கு வெளியே ஆலைத் தொழிலாளிகள் ஆயுதம் எடுத்தார்கள்.

அதற்கான பதில் அக்டோபர் 9ஆம் தேதி மதிலுக்கு உள்ளே, ஆயுதம் இல்லாதவர்கள்மேல் இறங்கியது. வீடு வீடாகப் புகுந்து வெட்டினார்கள், கொளுத்தினார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைக் கொன்றார்கள். அழகாகப் படம் எடுத்தீர்களே, அந்த மண்டபத்துச் சிறையில் இருந்த சீனர்களையும் விடவில்லை. வெட்டிக் கொண்டுவரும் சீனத் தலை ஒன்றுக்கு இரண்டு டுகாட் பரிசு என்று விலையும் நிர்ணயித்தார்கள். செத்தவர்கள் சுமார் 10,000 பேர். தலைமை ஆளுநர் ஃபால்கனீரைப் பிற்பாடு கைது செய்து விசாரித்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போக, தீர்ப்பைக் கேட்காமலே 1751இல் சிறையில் செத்தார்.

கொன்று முடித்த பிறகுதான் காய்கறி பயிரிட ஆளில்லை, ஆலை ஓட்ட ஆளில்லை, வரி கட்டவும் ஆளில்லை என்பது கம்பெனிக்கு உறைத்தது. ஆகவே பெருந்தன்மையோடு மறுபடி கூப்பிட்டது. ஆனால் மதிலுக்கு வெளியே, பீரங்கிக்கு எட்டுகிற தூரத்தில். அந்த இடம்தான் க்ளோடோக். இன்றைக்கு வழிகாட்டிகள் ‘துடிப்பான சைனாடவுன்’ என்று கூட்டிப்போவது அங்கேதான்.

துடிப்புக்குக் குறைவில்லை. பெத்தாக் செம்பிலான் சந்தையில் தவளையும் கடலட்டையும் கிடைக்கும். நம் ஊர்ப் பயணப் பதிவர்கள் "மக்களே, இதையெல்லாம் சாப்பிடுறாங்க பாருங்க" என்று கூவிப் பதிவேற்றுகிறார்கள். குளோரியா சந்தில் 1927 முதல் ஐஸ் காப்பி விற்கிற கடை உண்டு, காப்பி பிரமாதம். பக்கத்தில் 1650இல் எழும்பி, 1740இல் எரிந்து, 1755இல் மறுபடி கட்டிய கோயில். அதிபர் சுஹார்த்தோ காலத்தில் சீனப் பெயரே நாட்டுக்கு ஆகாது என்றதால் தர்ம பக்தி விகாரை என்று பௌத்தப் பெயர் சூட்டிக்கொண்டு பிழைத்தது. சீனர்கள் தங்கள் பண்டிகையை வெளியில் கொண்டாடக் கூடாது என்பது 1967இல் அவர் போட்ட உத்தரவு. சீன எழுத்துக்கும் தடை. குஸ்துர் என்று மக்கள் அழைத்த அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் 2000இல் அதை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அரசு விடுமுறை. அங்காடிகள் சிவப்பு விளக்குத் தொங்கவிட்டுத் தள்ளுபடி அறிவிக்கின்றன. எழுத்தைத் தடை செய்த நாட்டில் அதே எழுத்து இப்போது அலங்காரம்.

இடையில் 1998 மே வந்தது. ரூபியா மதிப்பு விழுந்து நாடு தள்ளாடியபோது க்ளோடோக்கின் கடைகள் மறுபடி எரிந்தன. சர்க்கரை விலை விழுந்தாலும் ரூபியா விழுந்தாலும் தீ இதே தெருவைத்தான் தேடி வருகிறது, என்ன பொருளாதாரமோ! அந்த நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்; அங்காடிகளுக்குள் சிக்கி வெந்துபோன ஏழைகளே அவர்களில் பலர். சீனப் பெண்களைக் குறிவைத்து வன்புணர்ந்தார்கள். அரசே அமைத்த உண்மை அறியும் குழு 52 வன்புணர்வுகளை உறுதிசெய்து எழுதி வைத்தது. அதிபர் ஹபிபி வருத்தமும் தெரிவித்தார்.

2025 நவம்பர் 10 அன்று தேசிய வீரர்கள் என்று பத்துப் பேரை அறிவித்தார்கள். பட்டியலில் சுஹார்த்தோ இருக்கிறார். அவர் போட்ட தடையை நீக்கிய குஸ்துரும் இருக்கிறார். பூட்டியவருக்கும் திறந்தவருக்கும் ஒரே மேடையில் ஒரே மரியாதை.

அதே ஆண்டு ஜூனில், நாட்டின் பாரம்பரியச் சின்னங்களையெல்லாம் பேணிக் காக்கும் பொறுப்பிலுள்ள கலாச்சார அமைச்சர் ஃபட்லி சோன், 1998இல் பெருந்திரளாக வன்புணர்வு நடந்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது, அது வதந்தி என்றார். அரசாங்கக் குழுவின் அறிக்கை அவருக்குப் போதவில்லை. அந்த வகையில் கம்பெனி எவ்வளவோ மேல். தலைக்கு இரண்டு டுகாட் என்று அறிவித்ததால் 1740ஐ எந்த அமைச்சராலும் வதந்தி என்று சொல்ல முடியவில்லை. 1998இல் ஏவியவர்கள் யாரோ, கூலியைக் கணக்கில் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள்.