மருந்துக்கடை ஆரஞ்சு ரோல்

கோதுமையை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, அதன் குணம் மட்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்குப் பெயர்தான் குளூட்டன் இல்லாத ஆரஞ்சு ரோல். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைத்து மைதாவை உப்பவைக்கும் பசைப் புரதம்தான் குளூட்டன். அது போனபின் அரிசி மாவும் மரவள்ளி மாவும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்போல் தனித்தனியே நின்றன. சமாதானம் செய்ய இசப்கோல் உமி வாங்க மருந்துக்கடைக்குப் போனேன்.

"எத்தனை நாளா சார் போகலை?" என்று கேட்டார் கடைக்காரர், பரிவோடு.

ரொட்டிக்கு என்றேன். நம்பவில்லை.

பிசைந்த மாவு கையைவிட்டு வர மறுத்தது. பட்டர் பேப்பரோடு தூக்கித்தான் சுருட்டினேன். ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதிவரை போனால் கசக்கும் என்பார்கள். நான் விரல்வரை போனேன். அடுப்பிலிருந்து எடுத்தபோது மெத்தென்றுதான் இருந்தது, சத்தியமாக. மறுநாள் காலை செங்கல். அரிசி மாவு ஆறினால் இறுகும். குளிர்ப்பெட்டியில் வைத்த சோறு விறைப்பதுபோல.

சீலியாக் நோயாளிக்குக் கோதுமை ஒரு துளியும் ஆகாது. அவருக்கு இது விளையாட்டில்லை. எனக்கு அந்த நோய் கிடையாது. பக்கத்து வீட்டில் கோதுமையை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அம்மா ஒன்றும் பேசாமல் இட்லித் தட்டை நீட்டினாள். அரிசி, உளுந்து. பூப்போல உப்பியிருந்தது, இசப்கோலும் இல்லை, குளூட்டனும் இல்லை. வெற்றிக் களிப்பில் சாம்பாரை ஊற்றிக்கொண்டபிறகுதான் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானம்: கோதுமை மாவு.