ஒரு ஜோடி போதும் அம்மா

ஆஸ்லோ,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நேத்து பாதிப் பேச்சுல லைன் போயிடுச்சு. நடுவட்டத்துல மேகம் இறங்கினா டவர் படுத்துக்கும்னு தெரியாதா எனக்கு? ஆனா அதுக்குள்ள நீ கேட்ட கேள்வி மட்டும் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு: "பனியில சறுக்கப் போனியாமே, எத்தனை சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போன, ரெண்டா மூணா?" பதிலைப் போன்ல சொன்னா நம்பாம அப்பாகிட்ட போனைக் குடுத்துருவ. அதான் எழுதுறேன். தம்பி நிறுத்தி நிறுத்திப் படிச்சுக் காட்டட்டும். அப்பாயியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோ.

ஒண்ணு அம்மா. ஒரே ஒரு ஜோடி. அதுவும் மெலிசு.

கத்தாதே, முழுசாக் கேளு. போன வாரம் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்தது: சனிக்கிழமை எல்லாரும் திரிவான் மலைக்குச் சறுக்கப் போறோம்னு. கூடவே என்னென்ன போட்டுக்கிட்டு வரணும்னு ஒரு பட்டியல். அதுல 'பருத்தி கூடாது'ன்னு எழுதி அடியில கோடு வேற. ஊட்டி கடைத்தெருவுல பேரம் பேசி வாங்கி, ஊறுகாய் பாட்டிலுக்கு மெத்தையா சுத்தி அனுப்பினியே தெர்மல், அதை எடுத்து லேபிளைப் பார்த்தேன். பருத்தி. பனியன்? பருத்தி. லெக்கின்ஸ்? பருத்தி. பாதித் திருப்பூர் என் பெட்டிக்குள்ளதான் இருக்கு, ஒண்ணுக்கும் மலையேற அனுமதி இல்ல.

காரணம் வேர்வை. மைனஸ் 12ல வேர்வை எங்கிருந்து வரும்னு கேப்ப. விழுந்து எழுந்திரிக்கிறதுல வரும். நான் அதை மட்டும்தானே செஞ்சேன். பருத்தி அந்த வேர்வையைக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கிட்டே கிடக்கும். தண்ணி இருக்கே, அது உடம்புச் சூட்டைக் காத்தைவிட 25 மடங்கு வேகமா இழுத்துடும். கீழ வேர்த்து, மேல போற லிஃப்ட்ல சும்மா உக்காந்தா, உச்சிக்குப் போறதுக்குள்ள வெடவெடன்னு ஆயிடும். அதனால தோலோட ஒட்டிப் போடுறது மெரினோ ஆட்டுக் கம்பளியா இருக்கணுமாம். தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ள வாங்கிக்கிட்டும், தொட்டுப் பார்த்தா ஈரம் தெரியாது. கம்பளின்னதும் அப்பாயியோட பழைய கம்பளியும் அதோட அரிப்பும் ஞாபகம் வரும். இது அப்படி இல்ல. இழை 20 மைக்ரானுக்கும் கீழ, அதனால குத்தாது. பாலியஸ்டர்லயும் இருக்கு, ஈரத்தைக் குடிக்காம வெளியே தள்ளிடும். ஆனா சாயங்காலம் அதைப் போட்டவங்க பக்கத்துல உக்கார முடியாது.

கடையில அந்தப் பொண்ணு என்னைப் பார்த்ததும் கேட்டது, "150ஆ, 200ஆ, 250ஆ?" விலைன்னு நினைச்சு 150ன்னேன். அது கிராமாம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு. விலையைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

இனி சாக்ஸுக்கு வருவோம்.

சறுக்குற பூட்ஸ் தோலும் இல்ல, ரப்பரும் இல்ல; கட்டிப் பிளாஸ்டிக். நாலு கொக்கி. காலை சென்டிமீட்டர்ல அளந்துதான் தர்றாங்க. கொக்கியைப் போட்டு இறுக்கினா உள்ள ஒரு நூல் நுழைய இடம் இருக்காது. அதுல ரெண்டாவது சாக்ஸைத் திணிச்சா ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலைன்னா விரல் மரத்துப் போகும். அதாவது, ரெண்டு போட்டா ஒண்ணைவிடக் குளிரும். இதை மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னப்போதான் நம்பினேன். எண்பதுகள்ல வந்தவர். "தங்கச்சி, ஒரு சோடி காணும். சப்பாத்துக்குள்ள வேற ஒண்டும் போகக் கூடாது" அப்படின்னார். வேற ஒண்ணும்னா, உள்ளே போடுற கம்பளிப் பேண்ட்டோட கால்கூட. அதனாலயே அந்தப் பேண்ட்டை முக்கால் காலோட நிறுத்தித் தைக்கிறாங்க. நான் கடையில துணி பத்தலையான்னு விசாரிச்சுட்டேன்.

அந்த ஒரு ஜோடி முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வரும். பூட்ஸ் அழுத்துற முன்னங்கால்ல மட்டும் கொஞ்சம் தடிப்பு. சுருக்கமே விழக் கூடாது. காலையில ஒரு சின்ன மடிப்பு, மத்தியானம் கொப்புளம். இதுவரைக்கும் சரி. அப்புறம்தான் பார்த்தேன், சாக்ஸ் மேல எல், ஆர்னு எழுத்து. இடது காலுக்கு ஒண்ணு, வலது காலுக்கு ஒண்ணு! கட்டைவிரல் பக்கம் உயர்ந்து, சுண்டுவிரல் பக்கம் சரிஞ்சு தைச்சிருக்காங்க. நம்ம வீட்டுல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அடுப்புக்கு மேல கொடியில தொங்கின சாக்ஸுக்கு இடம் வலம் யார் பார்த்தா? எது காஞ்சிருக்கோ அது. தம்பியோடது ஒண்ணு, என்னுது ஒண்ணுன்னு போட்டுக்கிட்டு, புகை வாசத்தோட பிரேயர்ல நின்னு தேசிய கீதம் பாடியிருக்கேன். இங்க ரூம்ல பத்து நிமிஷம் குனிஞ்சு எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னும் இருக்கு. வீட்டுல இருந்து போட்டுக்கிட்டுப் போற சாக்ஸோட பூட்ஸுக்குள்ள கால் விடக் கூடாதாம். மெட்ரோவுலயே அது லேசா வேர்த்திருக்கும். மலையில போய்க் கழட்டி, காஞ்சதை மாட்டணும். சறுக்கி முடிச்சதும் அதையும் கழட்டி, இன்னொண்ணு. ஆக மொத்தம் மூணு ஜோடி. உன் கணக்கு சரிதான் அம்மா, ஒரே நேரத்துல போடக் கூடாது, அவ்வளவுதான்.

அண்ணா வீட்டுல இன்னொரு அதிசயம் பார்த்தேன்: ஓட்டைப் பனியன். கம்பளியில பின்னின வலை. 1933ல ஹென்ரிக் ப்ருன்னு நார்வே ராணுவ அதிகாரி ஒருத்தர் ஹெர்ரிங் மீன் வலையை எடுத்துப் பனியன் தைச்சுப் பார்த்ததுல ஆரம்பிச்சதாம். ஓட்டைக்குள்ள காத்து தங்கும், அந்தக் காத்துதான் குளிரைத் தடுக்கும். தாத்தாவோட வலைப் பனியனைப் பார்த்து எவ்வளவு சிரிச்சிருப்போம்! இங்க அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, விளக்குப் போட்டு விக்கிறாங்க.

சறுக்கினதைப் பத்திச் சொல்ல அதிகம் இல்ல. நாலு வயசுப் பிள்ளைங்க என்னைச் சுத்திக்கிட்டுப் போச்சுங்க. இதுங்க கைக்குழந்தையில இருந்தே பனியிலதான் கிடக்குதுங்க. பாலர் பள்ளியில மத்தியானம் தள்ளுவண்டியோட வாசல்ல விட்டுத் தூங்க வைக்கிறாங்க. அப்பாயி கேட்டா போலீஸுக்குப் போகும். 'குவிக் லுன்ஷ்'னு ஒரு சாக்லேட், 1937ல இருந்து வருது, மலைக்குப் போனா அது இல்லாமப் போக மாட்டாங்க. உறைக்கு உள்பக்கம் மலைக்கான ஒன்பது விதி அச்சடிச்சிருக்கு. எட்டாவது: நேரத்தோட திரும்பிடு, திரும்புறதுல வெட்கம் இல்ல. நான் மத்தியானத்துக்கு முன்னாடியே அதைக் கடைப்பிடிச்சேன். பெருமைக்கும் ஒண்ணு இருக்கு: ஹெல்மெட்டுக்கு அடியில நீ பின்னின பச்சை மங்கி குல்லாவைப் போட்டிருந்தேன், எந்தக் கடைன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஊசிமலையில டூரிஸ்டுங்க குல்லா வாங்கி மாட்டிக்கிட்டு நடுங்குறதைப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்பை மட்டும் இங்க யார்கிட்டயும் சொல்லல.

லிஃப்ட்ல உக்காந்திருந்தப்போ முதுகு காஞ்சிருந்தது. கால் காஞ்சிருந்தது. அப்போதான் கோபம் வந்தது அம்மா, யார் மேலன்னு தெரியல. நீ ஜூலையில என்ன போடுவ? புடவை, அதுக்கு மேல அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், இடுப்புல படங்கு, தலையில மடிச்ச பிளாஸ்டிக். அடுக்குக் கணக்குல நீ இவங்களுக்கு ஒண்ணும் குறைவில்ல. ஆனா தோலோட ஒட்டி இருக்குறது பருத்தி. தேயிலைச் செடிக்குள்ள இறங்கின கொஞ்ச நேரத்துல தொடை வரைக்கும் நனைஞ்சு, சாயங்காலம் கொழுந்து எடை போடுற வரைக்கும் அதே ஈரம். காலுக்கு உப்பும் புகையிலையும், அதுவும் குளிருக்கு இல்ல, அட்டைக்கு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டுன்னு எழுதியிருந்தது, தேடிப் படிச்சேன். சாக்ஸைக் காணோம். அரை நாள் விளையாடப் போற எனக்கு உள்ளே என்ன போடணும்னு ஒரு பக்கத்துக்கு மெயில் அனுப்புறாங்க. உன்னை இத்தனை வருஷத்துல ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா?

அதனால ஒரு பார்சல் வருது. 200 கிராம் மேல்சட்டை ஒண்ணு, முக்கால் பேண்ட் ஒண்ணு, சாக்ஸ் ரெண்டு ஜோடி. பேண்ட்டைப் பாவாடைக்குள்ள போட்டுக்கோ, யாருக்கும் தெரியாது. சட்டையை ஜாக்கெட்டுக்கு அடியில போடணும். லைன் வீட்டு அக்காங்க பார்க்கட்டும்னு மேல போட்டுடாதே. விசேஷத்துக்குன்னு டிரங்குப் பெட்டியில வைக்காதே, வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போ. தினமும் துவைக்க வேண்டாம், காத்துல தொங்கவிட்டாலே நாத்தம் போயிடும். முகம் சுளிக்காதே, இங்க எல்லாரும் அப்படித்தான். துவைச்சா பச்சைத் தண்ணியில, முறுக்காம, விரிச்சுப் போட்டுக் காயவை. அடுப்புக்கு மேல மட்டும் கட்டாதே.

சாக்ஸ் ஒரு ஜோடி 250 குரோன். நம்ம காசுல ரெண்டாயிரத்துக்கு மேல, உன் நாலஞ்சு நாள் கூலி. அப்பாயி விலை கேக்கும், இருநூறுன்னு சொல்லு. "மலிவா இருக்கே, எனக்கும் ரெண்டு ஜோடி வரச் சொல்லு"ன்னு ஆரம்பிச்சா டவர் இல்லைன்னு சொல்லிடு. சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கு.

அன்புடன்,
உன் மகள்

பி.கு.: எல் இடது, ஆர் வலது. தம்பியை விட்டுச் சாக்ஸ் மேல தமிழ்ல எழுதி வைக்கச் சொல்லு.