குட்டி டிராக்டருக்கு வைத்தியமா, விடைகொடுப்பா?

கே: ஆறு வருஷமான 15 எச்.பி. டிராக்டர். நீலப் புகை கக்குது, இழுவையே இல்லை. மெக்கானிக் 'இன்ஜினை இறக்கணும்' என்கிறார். மச்சான் 'தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- விவசாயி, பாகூர்

ப: இருவருக்கும் முன்னால் டிராக்டரையே கேளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஓடவிட்டபடியே ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று புகை வந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். பதற வேண்டாம். மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற வண்டிகளில் ஒரே சிலிண்டர்தான்: ஒரு பிஸ்டன், ஒரு லைனர், ஒரு செட் ரிங். உங்களுடையதும் அப்படியென்றால் என் ஓட்டு மெக்கானிக்குக்குத்தான்.

கே: போன வருஷம்தான் கிளட்ச் பிளேட் மாற்றினேன். மறுபடியும் போச்சு. கியர் பாக்ஸிலும் சத்தம்.
- வாசகர், வில்லியனூர்

ப: சேற்றுழவுக்கு இறக்கினீர்களா? கரும்பு, வாழை, தென்னைக்கு நடுவே ஓட்டத்தான் குட்டி வண்டி. முழங்கால் சேற்றில் ரோட்டவேட்டரை இழுக்க வைத்தால் கிளட்ச்தான் பலியாகும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. சீலையும் ஆயிலையும் மாற்றினாலே பிழைக்கலாம். பற்கள் உடைந்திருந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். வேலைக்கு வண்டி சிறிசென்றால், எத்தனை ரிப்பேர் பார்த்தாலும் அடுத்த சம்பாவில் அதே வரப்போரம் நிற்கும். விற்றுவிடுங்கள்.

கே: எவ்வளவு வரை ரிப்பேருக்குச் செலவழிக்கலாம்?
- வாசகி, திருபுவனை

ப: இரண்டு விலை விசாரியுங்கள்: ஓடும் நிலையில் எவ்வளவு, நிற்கும் நிலையில் எவ்வளவு? பேச்சுக்கு, ஓடினால் 1,50,000, நின்றால் 90,000 என்று வையுங்கள். வித்தியாசம் 60,000. ரிப்பேர் அதற்குள் முடிந்தால், நாளைக்கே விற்றாலும் நஷ்டமில்லை. அதைத் தாண்டினால் நிதானியுங்கள்.

கே: புதுசு வாங்க இது நல்ல நேரமா?
- விவசாயி, மதகடிப்பட்டு

ப: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக்கு முந்தைய 5 லட்சத்தில் 35,000 மிச்சம். ஆனால் டிராக்டர் டயருக்கும் குறிப்பிட்ட உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனதால், ரிப்பேர் செலவும் குறைந்திருக்கிறது. ஆகவே வரியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மானிய வாய்ப்பை முதலில் உழவர் உதவியகத்தில் கேளுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை: நாற்று காத்திருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். அவசரத்தில் கேட்ட விலை கொடுப்போம், சொன்ன விலைக்கு விற்போம். இந்தப் போகத்தை வாடகை வண்டியில் உழுதுவிடுங்கள். களத்து நெல் விற்ற பிறகு, கையில் காசோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.